இருபத்தைந்து மீட்டர் மேஸ்திரி

கீழ்த்தளத்தில் லிஃப்ட் கதவு மூடியதும் மேஸ்திரி மூச்சை அடக்கிக்கொள்கிறார். ஆறாவது மாடியில் கதவு திறக்கும்போதுதான் விடுவார். நடுவில் யார் ஏறினாலும், யார் நலம் விசாரித்தாலும் பதில் கிடையாது. கன்னம் இரண்டும் உப்பி, விழி கொஞ்சம் பிதுங்கி, கையில் டைல்ஸ் அறுக்கும் மெஷினோடு அவர் மூலையில் நிற்பதைப் பார்த்து மிரண்டுபோன ஓர் அம்மாள், ஒரு நாள் கைக்கு அகப்பட்ட பொத்தான்களை எல்லாம் அழுத்திவிட்டார். லிஃப்ட் மாடிக்கு மாடி நின்று நின்று ஏறியது. ஐந்தாவது மாடியில் மேஸ்திரி பெரும் சத்தத்தோடு மூச்சை விட்டார். அந்த அம்மாள் மிச்ச மாடிகளைப் படிக்கட்டு வழியாக ஏறிக்கொண்டார்.

"அம்பத்தோரு செகண்ட் தாங்கினேன் சார்," என்று மறுநாள் நீச்சல் குளத்தில் என்னிடம் சொன்னார். "அதுக்கு மேல கண்ணுக்குள்ள பூச்சி பறக்க ஆரம்பிச்சிருச்சு. எனக்கு வேண்டியது பதினெட்டுதான். மிச்சம் முப்பத்தி மூணு செகண்டை வச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு தெரியல."

எங்கள் குளத்தின் நீளம் இருபத்தைந்து மீட்டர். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு, ஃப்ரீஸ்டைலில், கையை மாற்றி மாற்றி வீசி, மூச்சுக்காகத் தலையை ஒருமுறைகூடத் திருப்பாமல், பதினெட்டு வினாடிக்குள் போய்ச் சுவரைத் தொட வேண்டும். அவருடைய லட்சியம் முழுக்க அவ்வளவுதான். திரும்பி நீந்தி வருவது பற்றி அவர் யோசித்ததே இல்லை. தொட்டதும் ஏணியில் ஏறி, ஈரம் சொட்டச் சொட்ட நடந்துதான் வருவார். அதனால்தான் ஏணிக்குப் பக்கத்தில் இருக்கும் முதல் லேனிலேயே எப்போதும் நீந்துவார். நல்ல நீச்சல்காரர் திரும்பியும் நீந்துவார் என்பது என் எண்ணம். ஆகவே அவரை நல்ல நீச்சல்காரர் என்று இங்கே நான் சொல்லப்போவதில்லை.

வயது ஐம்பத்தாறு. குள்ளமான, அகலமான உடம்பு. முப்பத்தைந்து வருடம் தரையில் மண்டியிட்டு டைல்ஸ் ஒட்டியதில் முட்டி இரண்டும் கறுத்துக் காய்த்துப்போயிருக்கின்றன. நீச்சல் உடையில் பார்த்தால், யாரோ அவருக்குக் காலுறையை முட்டிக்கு மட்டும் மாட்டிவிட்ட மாதிரி இருக்கும். எந்தச் சுவரைக் கண்டாலும் தட்டிப் பார்ப்பார். டைல்ஸுக்குப் பின்னால் கலவை நிரம்பியிருந்தால் ஒரு சத்தம், பொள்ளலாக இருந்தால் வேறு சத்தம். பல் வைத்தியரின் நாற்காலியில் வாயைத் திறந்தபடி படுத்துக்கொண்டே பக்கத்துச் சுவரைத் தட்டியிருக்கிறார். யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று டாக்டர் இரண்டு முறை எழுந்துபோய்ப் பார்த்தாராம். மூன்றாம் முறை நர்ஸ் இவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பொள்ளல் சார், ஒரு வரிசை முழுக்கப் பொள்ளல். எவன் ஒட்டினானோ. என் வேலையில ஒரு நூல் பிசகாது." அங்குலத்தை எட்டாகப் பங்கிட்டால் அதில் ஒன்று, அவர்கள் தொழிலில் ஒரு நூல். இந்த வாக்கியத்தை அவர் சொல்லாத நாள் கிடையாது. பிறர் வீட்டுத் தரை, பஸ் நிலையத்துக் கழிப்பறை, மருமகன் வாங்கிய அடுக்குமாடி வீடு என்று எதைப் பற்றிப் பேச்சு வந்தாலும் கடைசியில் அந்த நூலில்தான் வந்து நிற்பார்.

நீச்சலுக்கு வந்த கதையும் டைல்ஸில்தான் தொடங்குகிறது. மூன்று வருடத்துக்கு முன்னால் எங்கள் குளத்தைக் காலிசெய்து உள்ளே புதிதாக டைல்ஸ் ஒட்டினார்கள். ஒட்டியவர் இவர். தண்ணீரில்லாத குளத்துக்குள் ஏழு வாரம். ஒரு முனையில் மண்டியிட்டு ஆரம்பித்தவர் மறுமுனையில்தான் எழுந்தார். பிறகு தண்ணீர் விட்டார்கள். தான் அங்குலம் அங்குலமாகத் தடவிப் பதித்த தரைக்கு மேலே யார் யாரோ மிதப்பதை மூன்று நாள் கரையில் நின்று பார்த்திருக்கிறார். நாலாம் நாள் நீச்சல் வகுப்பில் பெயர் கொடுத்துவிட்டார். "நாம போட்ட வீட்டுக்குள்ள வாசல்ல நின்னு எட்டிப் பாக்குற மாதிரி இருந்துச்சு சார். பொறுக்கல. ஏழு வாரம் முட்டி போட்டுப் போன தூரம் இது. இப்ப பதினெட்டு செகண்ட்ல போகணும்னு பாக்குறேன். கூலி அப்ப மாதிரி இப்பக் கிடைக்காது, அவ்வளவுதான்."

முதல் நாள் ஸ்டாப்வாட்ச் காட்டியது முப்பத்தொன்று. அதில் கடைசி ஐந்து வினாடி அவர் நடந்து போனது.

கோச் இருபத்துநாலு வயதுப் பெண். கழுத்தில் விசில், கையில் ஸ்டாப்வாட்ச், முகத்தில் தூக்கக் குறைவு. மேஸ்திரி தண்ணீரை அடிக்கும் அடியில் பக்கத்து லேன்காரர்களுக்கும் குளியல் கிடைக்கும். ஒரு நாள் கோச் விசிலை ஊதி நிறுத்தினார்.

"அங்கிள், தண்ணி உங்களை என்ன பண்ணுச்சு? எதுக்கு இந்த அடி அடிக்கிறீங்க?"

"வேகமா போகணும்லம்மா?"

"அடிச்சா சத்தம்தான் வேகமா போகும், நீங்க போகமாட்டீங்க. முழங்கைய மேலயே வச்சுக்கிட்டு, உள்ளங்கையால தண்ணியப் பிடிச்சுப் பின்னாடி தள்ளுங்க."

"தண்ணிய எப்படிம்மா பிடிக்கிறது?"

கோச் கரையில் நின்றபடி காற்றைப் பிடித்துக் காட்டினார். மேஸ்திரி கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்தார். பிறகு முகம் மலர்ந்தது. "ஈரக் கலவையைக் கரணையால வாரி இழுக்குற மாதிரி! இதை முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா. மூணு மாசம் வீணாப் போச்சு." அன்றைக்கு நேரம் இருபத்தாறுக்கு இறங்கியது. இப்போது கோச் பள்ளிப் பிள்ளைகளுக்கும் கரணை என்றே சொல்லித்தருகிறார். பிள்ளைகள் யாரும் கரணையைப் பார்த்ததில்லை. மேஸ்திரி தன்னுடையதைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து வரிசையாகத் தொட்டுப் பார்க்கக் கொடுத்தார்.

கால் உதைதான் கடைசிவரை தகராறு. மிதவைப் பலகையைப் பிடித்துக்கொண்டு காலால் மட்டும் தண்ணீரை உதைத்துப் போகச் சொன்னார்கள். சைக்கிள் மிதிப்பதுபோல் முட்டியை மடக்கி மடக்கி உதைத்தார். பத்து நிமிடம் இடைவிடாமல் உதைத்துவிட்டுக் கீழே குனிந்து பார்த்தால், ஆரம்பித்த இடத்திலிருந்து மூன்று டைல்ஸ் பின்னால் போயிருந்தார். "நாலாவது டைல்ஸுக்குள்ள நிறுத்திட்டேன்," என்று அதையும் ஒரு சாதனைபோலத்தான் சொன்னார்.

வேகத்துக்கு என்று அவர் எதையும் புதிதாகச் சேர்த்துக்கொள்ளவில்லை என்பதை நான் கவனித்துக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்காதீர்கள், மூச்சு வாங்காதீர்கள், முட்டியை மடக்காதீர்கள், பக்கத்தில் யார் வருகிறார் என்று பார்க்காதீர்கள், சுவர் வந்துவிட்டது என்று கையைத் தளர்த்தாதீர்கள். கோச் சொன்னதெல்லாம் விடச் சொன்னவைதான். நான் படிக்கும் புத்தகங்களிலும் ஞானத்துக்கு ஏறக்குறைய இதே வழியைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த ஞானிகள் யாரும் வேகத்துக்காகக் கால் முடியை மழித்துக்கொண்டதாகப் படித்ததில்லை. மேஸ்திரி மழித்துக்கொண்டார். முடி தண்ணீரைப் பிடித்து இழுக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"என்னங்க இது, உரிச்ச கோழி மாதிரி?" என்று வீட்டுக்காரம்மா கேட்டாராம். "இந்தக் காலோட கடைக்கு வந்தீங்கன்னா நான் உங்களைத் தெரியாதுன்னு சொல்லிடுவேன்."

அடுத்த வாரம் மீசை போனது. "மீசையும் இழுக்கும்டி," என்று விளக்கியிருக்கிறார். "முப்பது வருஷமா என்னை இழுத்த மீசை அது, உங்களை எங்க இழுத்துச்சு?" என்று அந்த அம்மாள் இரண்டு நாள் பேசாமல் இருந்தார். மீசை போன பிறகு நேரம் கால் வினாடி கூடிவிட்டது. "மனசு விட்டுப்போச்சு சார்," என்றார் மேஸ்திரி. மறுபடி வளர்த்தார். நேரமும் பழையபடி இறங்கியது. இந்த விஷயத்தில் நீச்சல் விஞ்ஞானம் என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரியாது.

விசில் கேட்டதும் கண நேரமும் தாமதிக்காமல் பாய வேண்டும் என்பதற்கு வீட்டிலேயே பயிற்சி. கட்டிலுக்கு எதிரே முக்காலிமேல் குனிந்து நிற்பார். மனைவி கைதட்டியதும் மெத்தைமேல் பாய்வார். எட்டாவது நாள் கட்டில் கால் முறிந்தது. கீழ் வீட்டுக்காரர் மேலே ஓடிவந்தபோது மேஸ்திரி இரண்டு கையையும் தலைக்கு மேல் நீட்டிக் குப்புறக் கிடந்தார். மனைவி பக்கத்தில் நின்று கைதட்டிக்கொண்டிருந்தார். கீழ் வீட்டுக்காரர் ஒன்றும் கேட்காமல் இறங்கிப்போனது அவருடைய பண்பு. இப்போது அழைப்பு மணி அடித்தால் அந்த அம்மாள் முதலில் கணவரைப் பிடித்து உட்காரவைத்துவிட்டுத்தான் கதவைத் திறக்கிறார்.

இத்தனைக்கும் நடுவில் சம்பந்தி வருகிறார்.

மேஸ்திரியின் மகளை ஒரு சர்வேயரின் மகனுக்குக் கொடுத்திருக்கிறார்கள். சர்வேயர் முப்பத்தெட்டு வருடம் நிலம் அளந்து ஓய்வுபெற்றவர். உயரமாக, ஒல்லியாக, எதையும் ஒரு கண்ணை லேசாகச் சுருக்கியே பார்ப்பவர். அவரும் அதே குளத்தில், அதே நேரத்தில்தான் நீந்துகிறார். காலையில் குளிக்கும் இடத்தில் இருவரும் சந்தித்தால் மற்றவர்கள் வேறு குழாயைத் தேடிக்கொள்வது நல்லது.

"நீங்க முதல்ல குளிங்க சம்பந்தி."

"அதெப்படி, நீங்க பெரியவங்க. நீங்க முதல்ல."

"ரெண்டு வயசுல என்ன பெரியவர் சின்னவர்? போங்க சம்பந்தி."

தண்ணீர் தன்பாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருக்கும். இருவரும் உலர்ந்தபடி நிற்பார்கள். தண்ணீருக்குள் இறங்கியதும் இந்த மரியாதை கரைந்துவிடும். சர்வேயர் கோச்சிடம் மெல்ல வந்து, "சம்பந்தி நல்லா முன்னேறியிருக்கார் போல. ரொம்ப சந்தோஷம். எத்தனை செகண்ட்?" என்பார். அவர் போன பிறகு மேஸ்திரி வந்து, "என்னம்மா கேட்டார்?" என்பார். இவருக்குப் பதினெட்டே முக்கால் என்றால் அவருக்குப் பதினெட்டு எண்பது. அவர் கொஞ்சம் குறைத்தால் இவர் அன்று மாலை லிஃப்டில் கூடுதலாக இரண்டு முறை ஏறி இறங்குவார்.

போன மாதம் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். பக்கத்து ஊர்க் குளத்தோடு ஐம்பது வயதுக்கு மேற்பட்டோர் தொடர் நீச்சல். நாலு பேர், ஆளுக்கு இருபத்தைந்து மீட்டர். மூன்று பேர் முடிவாகிவிட்டார்கள். நாலாவது ஆள் சம்பந்திகளில் ஒருவர். சனிக்கிழமை காலை இருவரும் பக்கத்துப் பக்கத்தில் நீந்த வேண்டும், முதலில் தொட்டவருக்கு இடம். அணியில் இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு நீலத் தொப்பி உண்டு, வெள்ளையில் குளத்தின் பெயர் போட்டது. எண்ணி நாலே தொப்பிதான் தைத்திருந்தார்கள்.

"சிரிக்காதீங்க சார்," என்றார் மேஸ்திரி. நான் சிரிக்கவில்லை. "முப்பத்தஞ்சு வருஷமா தலையில சிமென்ட் தூசிதான். ஒரு தடவையாவது வேற ஏதாவது இருக்கட்டுமே."

வெள்ளிக்கிழமை மகள் போனில் கூப்பிட்டிருக்கிறாள்.

"அப்பா, நாளைக்கு நீங்க தோத்துடுங்களேன்."

"ஏம்மா?"

"மாமா ஒரு வாரமா சாப்பாட்டு மேஜையில கூடக் கையை வீசிக்கிட்டு இருக்கார்ப்பா. நேத்து தண்ணி ஜாடி போச்சு. அவர் தோத்தாருன்னா இந்த வீட்ல யார் குடியிருக்கிறது?"

"நான் தோத்தா உங்கம்மா சிரிப்பா. அப்புறம் இந்த வீட்ல யார் குடியிருக்கிறது?"

மகள் போனை வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை இரண்டாம் லேனும் மூன்றாம் லேனும் மட்டுமே காலியாக இருந்தன. எதில் யார் என்று முடிவாக ஆறு நிமிடம் ஆனது. "நீங்க சொல்லுங்க சம்பந்தி", "நீங்க எது சொன்னாலும் சரி சம்பந்தி" என்று அது போய்க்கொண்டே இருந்தது. கோச் பொறுமையிழந்து விசிலை வாயில் வைத்தபோது சர்வேயர் பெருந்தன்மையாக, "மூணு நீங்க எடுத்துக்கோங்க, ரெண்டு எனக்குப் போதும்," என்றார். மேஸ்திரி கும்பிட்டுவிட்டு மேடைமேல் ஏறினார்.

விசில் ஒலித்தது. சர்வேயர் அளவுகோல் விழுவதுபோல் நேராக விழுந்தார். மேஸ்திரி வயிறு அடிக்கப் பாய்ந்தார், பளார் என்ற சத்தம் கூரையில் மோதித் திரும்பியது. கரையில் மகளின் இடுப்பிலிருந்த குழந்தை "தாத்தா!" என்று கத்தியது. யாரைச் சொல்கிறது என்று தெரியாமல் இரண்டு தாத்தாவும் வேகம் கூட்டினார்கள். பாதித் தூரத்தில் சர்வேயர் ஒரு தலை முன்னால். அதற்கப்புறம் மேஸ்திரியின் கை மட்டும்தான் தெரிந்தது. முழங்கை மேலே, உள்ளங்கை பின்னால், அடி இல்லை, சத்தம் இல்லை. கலவையை வாரி இழுத்துக்கொண்டே போனார். அந்தப் பத்து மீட்டரைப் பற்றி மட்டும் குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

கோச் இரண்டு கையிலும் இருந்த ஸ்டாப்வாட்சுகளை மாறி மாறிப் பார்த்தார். "சர்வேயர் அங்கிள், பதினெட்டு பூஜ்யம் பூஜ்யம். மேஸ்திரி அங்கிள், பதினேழு தொண்ணூத்தி ஒன்பது."

ஒரு வினாடியில் நூற்றில் ஒரு பங்கு. கோச்சின் கட்டைவிரல் அசையும் நேரம்கூட அதைவிட அதிகம் என்பது என் அபிப்பிராயம். ஆனால் யாரும் என்னைக் கேட்கவில்லை. மேஸ்திரி சுவரைப் பிடித்தபடி தண்ணீரிலேயே நின்றார். குதிப்பார் என்று எதிர்பார்த்தோம். குதிக்கவில்லை. தொட்ட கையை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"வாழ்த்துகள் சம்பந்தி," என்று சர்வேயர் கயிற்றைத் தாண்டிக் கைகொடுத்தார். கொடுத்த கையை விடவில்லை. "ஒரே ஒரு சின்னச் சந்தேகம். தப்பா நினைக்கக் கூடாது."

"கேளுங்க சம்பந்தி."

"கடைசியில நம்ம ரெண்டு பேர் தலையும் ஒரே கோட்டுல இருந்துச்சு. நான் பாத்தேன். முப்பத்தெட்டு வருஷம் கோடு பாத்த கண்ணு. ஆனா உங்க கை முன்னாடி சேர்ந்துருச்சே?"

"என் கை நீளம் சம்பந்தி."

அது எடுபடவில்லை. கரையேறி, உடை மாற்றும் அறை வாசலில் இருவரும் சுவரோடு ஒட்டி நின்று கையை மேலே நீட்டினார்கள். தோளிலிருந்து விரல் நுனி வரை கோச் அளந்தார். சர்வேயரின் கைதான் அரை சென்டிமீட்டர் கூடுதல் நீளம். பார்த்துக்கொண்டிருந்த மேஸ்திரியின் மனைவி, "இதுக்கு மூக்கையும் அளந்துடுங்களேன்," என்றார்.

"உங்க மேல சந்தேகமே இல்ல சம்பந்தி," என்றார் சர்வேயர். "நாளைக்குக் காலைல முப்பது மீட்டர் டேப் கொண்டுவரேன். லேன் நீளத்தை ஒரு தடவை பாத்துட்டா எனக்குத் தூக்கம் வரும், அவ்வளவுதான்."

"தாராளமா அளங்க. நான் போட்ட சுவரு. ஒரு நூல் பிசகாது," என்றார் மேஸ்திரி, எல்லாருக்கும் கேட்கும்படி.

கோச்சும் ஒத்துக்கொண்டார். அளந்து பார்த்த பிறகுதான் தொப்பி என்று முடிவானது.

எல்லாரும் போன பிறகு மேஸ்திரி பெஞ்சில் துண்டோடு உட்கார்ந்திருந்தார். நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"சார், கை பட்டதுமே தெரிஞ்சிருச்சு," என்றார்.

"என்ன?"

"மூணாவது லேன்ல பழைய சுவர் வயிறு தள்ளியிருந்துச்சு. கொத்தி எடுத்துட்டுத்தான் ஒட்டணும். அடுத்த வாரம் குளம் திறக்கணும்னு நெருக்கினாங்க. அது மேலயே ஒட்டிட்டேன். ரெண்டு சென்டி முன்னாடி நிக்குது. மேல விளிம்புக் கல்லு நேரா இருக்கிறதால கண்ணுக்குத் தெரியாது. மூணு வருஷமா நானே மறந்துட்டேன் சார். அந்த லேன்ல நான் நீந்தினதே இல்லையே. இன்னைக்குத் தொட்டதும் அடடான்னு ஆயிருச்சு. என் கை போட்ட சுவரு. கைக்குத் தெரியாதா?"

செருப்பைத் தேடுவதை விட்டுவிட்டு நான் மனக்கணக்குப் போட்டேன். அந்த வேகத்தில் போகிறவர் ஒரு வினாடியின் நூற்றில் ஒரு பங்கில் ஒன்றரை சென்டிமீட்டர்கூடப் போவதில்லை. சுவரோ இரண்டு சென்டிமீட்டர் எதிரே வந்து வரவேற்றிருக்கிறது. சுவர் தன் இடத்திலேயே நின்றிருந்தால் தொப்பி சர்வேயருக்கு.

"இப்ப என்ன பண்ணப்போறீங்க?" என்று கேட்டேன்.

"சம்பந்தி அந்த முனையில படிப்பார். நாங்க தொட்ட முனையில தண்ணிக்குள்ள டேப் நுனியைப் பிடிக்க ஆள் வேணும். மேஸ்திரிதான் சரியாப் பிடிப்பார்னு கோச் சொல்லிருச்சு." துண்டால் காதைத் துடைத்தார். "ரெண்டு சென்டி மடிச்சுப் பிடிச்சா, இருபத்தஞ்சு மீட்டர் சரியா வந்துடும்."

திட்டம் சொல்வதுபோல் அவர் அதைச் சொல்லவில்லை. நாளைக்கு மழை வரலாம் என்பதுபோல் சொன்னார். மடித்துப் பிடித்தால் தொப்பியும் உண்டு, ஒரு நூல் பிசகாத பேரும் உண்டு. மடிக்காவிட்டால் இரண்டும் போய்விடும், அதுவும் சம்பந்தி முன்னால். நான் இதற்கு ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது. நன்மை தீமை பற்றி என்னிடம் ஒரு அலமாரி நிறையப் புத்தகம் இருக்கிறது. எதிலும் டேப்பை எப்படிப் பிடிப்பது என்று இல்லை. செருப்பு பெஞ்சுக்கு அடியிலேயே கிடந்தது. மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வழக்கத்தைவிட அதிகம். அணியில் இடம்பிடித்த மூவரும் வந்திருந்தார்கள். கோச் நாலாவது தொப்பியைப் பிளாஸ்டிக் உறையோடு கொண்டுவந்து நாற்காலிமேல் வைத்திருந்தார். மேஸ்திரியின் மனைவி, "ரெண்டு பேரும் ஆளுக்குப் பாதியாக் கிழிச்சுப் போட்டுக்கோங்க," என்றார். மகள் யார் பக்கம் நிற்பது என்று தெரியாமல் குழந்தையோடு குளத்தின் நடுப்பக்கமாகப் போய் நின்றுகொண்டாள்.

முதல் லேன். மேஸ்திரி மார்பளவு தண்ணீரில் நின்று, மஞ்சள் டேப்பின் நுனியை நீர்மட்டத்துக்கு ஒரு சாண் கீழே சுவரில் வைத்தார். எதிர்முனையில் சர்வேயர் வெறும் தரையில் குப்புறப் படுத்து, கையைத் தண்ணீருக்குள் விட்டு, கண்ணாடியைத் தூக்கிப் பிடித்துப் படித்தார்.

"பிடிச்சிட்டீங்களா சம்பந்தி?"

"பிடிச்சாச்சு."

"இருபத்தஞ்சு... பூஜ்யம் பூஜ்யம். அற்புதம்!"

இரண்டாம் லேனும் அப்படியே வந்தது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் தலையாட்டினார்கள். அணிக்காரர் ஒருவர், "என்னமா ஒட்டியிருக்காரு," என்றார். மேஸ்திரியின் நெஞ்சு தண்ணீருக்கு வெளியே அரை அங்குலம் எழுந்தது. உண்மையாகவே அவர் சரியாகப் போட்ட சுவர்கள் அவை.

கயிற்றுக்கு அடியில் புகுந்து மூன்றாம் லேனுக்கு வந்தார். நான் நாலாவது லேனின் முனையில் தண்ணீரில் நின்றிருந்தேன், அவருக்கு ஒரு கை தூரம். தண்ணீர் தெளிவாக இருந்தது. டேப்பின் நுனி அவர் வலது கைக்குள் இருந்தது. அதைச் சுவரில் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். கட்டைவிரலுக்கு அடியில் டேப் லேசாக வளைந்தது. வளைந்தது மடிந்தது. ஒரு பல்லி வால் அளவுக்குத்தான், மேலிருந்து பார்க்கிற யாருக்கும் தெரியாது.

"பிடிச்சிட்டீங்களா சம்பந்தி?" என்று எதிர்முனையிலிருந்து குரல் வந்தது.

மேஸ்திரியின் கட்டைவிரல் மடிப்பின்மேலேயே இருந்தது.

"சம்பந்தி? அவசரமே இல்ல. நிதானமாப் பிடிங்க. நீங்க பிடிச்சா எனக்கு மறுபேச்சு கிடையாது. நீங்க சரின்னு சொன்னா சரிதான்."

சர்வேயரின் கண்ணாடியில் தண்ணீர் தெறித்திருந்தது. துடைக்கத் துணி தேடினார். போட்டிருந்தது நீச்சல் உடை. கோச் துண்டு எடுத்துவர நடந்தார்.

தண்ணீருக்குள் அந்த மடிப்பு மெதுவாகப் பிரிந்தது. மேஸ்திரி டேப்பை நீவி நேராக்கி, நுனியைத் தான் ஒட்டிய டைல்ஸின்மேல் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டார். பிறகு, சர்வேயர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொள்வதற்கு முன்பே, மற்றக் கையை எல்லாரும் பார்க்கும்படித் தண்ணீருக்கு வெளியே நன்றாக உயர்த்தி, இரண்டு விரலைக் காட்டினார்.